உடைந்த டி.என்.ஏ., முளைக்கும் ரத்தக்குழாய்

மூளைக் கட்டிக்குக் கதிர்வீச்சு கொடுத்து முடித்துச் சில மாதங்கள் கழித்து, சிலருக்கு ஓரிரு ஆண்டுகள் கழித்து, தலைவலி திரும்ப வருகிறது. நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்தால் கட்டி இருந்த அதே இடத்தில் வீக்கம் தெரிகிறது. கட்டி மறுபடி வந்துவிட்டது என்றே வீட்டார் அஞ்சுவார்கள். ஆனால் எல்லா நேரமும் அது கட்டியாக இருப்பதில்லை. கதிர் பட்ட மூளைத் திசு செத்துப்போய், அதைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டிருக்கும். இதைக் கதிர்வீச்சு நசிவு என்கிறார்கள். ஸ்டீராய்டு கொடுத்து வடியவைப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் மண்டையைத் திறந்து செத்த பகுதியை எடுக்க வேண்டிவரும்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் 2011-ல் ஒரு சிறிய ஆய்வின் முடிவை வெளியிட்டது. இந்த நிலையில் இருந்த 14 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு பெவாசிசுமாப் என்ற மருந்தையும் இன்னொரு பிரிவுக்கு உப்புநீரையும் நரம்பு வழியாக ஏற்றினார்கள். யாருக்கு எது போகிறது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. உப்புநீர் ஏறியவர்களில் ஒருவருக்குக்கூட முன்னேற்றம் இல்லை. மருந்து ஏறியவர்களுக்கு வீக்கம் வடிந்தது. பிறகு உப்புநீர்ப் பிரிவினருக்கும் அதே மருந்தைக் கொடுத்தபோது அவர்களுக்கும் வடிந்தது. 14 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான்; சிலருக்கு ரத்தம் உறைதல் போன்ற கடுமையான பக்கவிளைவுகளும் வந்தன. இருந்தாலும் முடிவு ஐயத்துக்கு இடமில்லாமல் இருந்தது.

பெவாசிசுமாப் டி.என்.ஏ.வைத் தொடுவதே இல்லை. ரத்தக்குழாய்களை வளரத் தூண்டும் ஒரு புரதத்தைப் பிடித்து முடக்குவதுதான் அதன் வேலை. கதிர்வீச்சின் வேலையோ டி.என்.ஏ.வை உடைப்பது. உடைப்பு ஓரிடத்தில், மாதங்கள் கழித்து அங்கே பெருகி நிற்பது ரத்தக்குழாய்ப் புரதம். இரண்டுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று துருவியவர்களால் புற்றுநோய் சிகிச்சையின் போக்கே ஓரளவு மாறியிருக்கிறது.

அந்தப் புரதத்தின் பெயர் விஇஜிஎஃப். ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களைப் பெருகவைக்கும் வளர்ச்சிக் காரணி அது. பெயர் புதிதாக இருந்தாலும் அதன் விளைவு நமக்குப் பழக்கமானதுதான். சர்க்கரை நோயால் விழித்திரையில் நீர் கோத்து பார்வை மங்கியவர்களுக்குக் கண்ணுக்குள் ஊசி போடுகிறார்களே, அந்த ஊசி மருந்துகளில் பெரும்பாலானவை இந்தப் புரதத்தை அடக்குபவையே.

இந்தக் கதை அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடம் ஒன்றில் தொடங்குகிறது. நீண்ட கடற்பயணம் போகும் கப்பல்களில் ரத்தத்தைச் சேமித்துவைப்பது கடினம் என்பதால், அதற்கு மாற்று தேடும் வேலை 1960-களின் தொடக்கத்தில் பெத்தெஸ்டாவில் நடந்தது. அங்கே ஜூடா ஃபோக்மன் என்ற இளம் அறுவை மருத்துவர், ஃபிரெடெரிக் பெக்கர் என்பவருடன் சேர்ந்து, உடலிலிருந்து எடுத்த தைராய்டு சுரப்பியை மாற்று ரத்தம் ஓட்டி உயிரோடு வைத்திருந்தார். அதில் எலியின் புற்றுசெல்களை விதைத்துப் பார்த்தார்கள். செல்கள் பெருகின, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டன. செத்துவிடவில்லை. அதே கட்டியை எடுத்து உயிருள்ள எலிக்குள் வைத்ததும் மளமளவென்று வளர்ந்தது. தனியே வைத்த சுரப்பியில் புதிய ரத்தக்குழாய் முளைக்கவில்லை, எலியின் உடலில் முளைத்தது. வேறுபாடு அதுதான் என்று ஃபோக்மன் உறுதியாக நம்பினார். கட்டி தனக்கு வேண்டிய குழாய்களைத் தானே வரவழைத்துக்கொள்கிறது, அதைத் தடுத்தால் கட்டியைப் பட்டினி போடலாம் என்று 1971-ல் எழுதினார். பல ஆண்டுகள் அதை நம்பியவர்கள் குறைவு.

வரவழைக்கும் பொருள் எது என்பது இரண்டு திசைகளிலிருந்து தெரியவந்தது. 1983-ல் பாஸ்டனில் ஹரோல்ட் டுவோராக்கின் குழு, ரத்தக்குழாய்ச் சுவரைக் கசியவைக்கும் ஒரு புரதத்தைக் கட்டிகள் சுரப்பதைக் கண்டது. 1989-ல் கலிஃபோர்னியாவில் ஜெனென்டெக் நிறுவனத்தில் இருந்த நெப்போலியோனே ஃபெர்ராரா, மாட்டின் பிட்யூட்டரி செல்களிலிருந்து ரத்தக்குழாயை வளரவைக்கும் புரதத்தைப் பிரித்தெடுத்தார். இரண்டும் ஒன்றே என்று பிறகு தெரிந்தது. கசியவைப்பதும் வளரவைப்பதும் ஒரே புரதத்தின் இரு முகங்கள் என்பதை நினைவில் வைத்தால், மூளையில் நீர் கோப்பது ஏன் என்பது பாதி விளங்கிவிடும்.

இனி மற்ற பக்கத்துக்கு வருவோம். டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும் காரணிகள் என்றால் யாவை? சிகிச்சைக்கு வருகிறவர்கள் ‘கரண்ட் வைக்கிறது’ என்று சொல்லும் கதிர்வீச்சு முதலில் வரும். ஒரு கிரே அளவு கதிர் பட்டால் ஒரு செல்லில் ஏறத்தாழ ஆயிரம் ஒற்றை இழை உடைப்புகளும், சுமார் நாற்பது இரட்டை இழை உடைப்புகளும் உண்டாகின்றன; வழக்கமான சிகிச்சையில் நாளொன்றுக்கு இரண்டு கிரே கொடுக்கிறார்கள். அடுத்தது கீமோ மருந்துகள். சிஸ்பிளாட்டின் டி.என்.ஏ.வின் எழுத்துகளைப் பக்கத்து எழுத்தோடு பிணைத்துவிடுகிறது. சைக்ளோபாஸ்பமைடு, டெமோசோலோமைடு ஆகியவை அதன்மேல் வேதிக்கூறுகளை ஒட்டவைக்கின்றன. டாக்சோரூபிசின் இழைகளுக்கு நடுவே செருகிக்கொள்கிறது. நாம் தினம் பார்க்கும் வெயிலின் புறஊதாக் கதிரும் இந்தப் பட்டியலில் உண்டு.

அடி விழுந்ததும் செல் சும்மா இருப்பதில்லை. உடைப்பைக் கண்டுகொள்ளும் ஏ.டி.எம். என்ற நொதி உடனே விழித்துக்கொண்டு பல புரதங்களுக்குச் செய்தி அனுப்புகிறது. அவற்றில் முதன்மையானது பி53. செல் பிளவுபடுவதை நிறுத்துவது, பழுதைச் சரிபார்க்க நேரம் வாங்கித் தருவது, சரிசெய்ய முடியாது என்றால் செல்லையே மாய்த்துவிடுவது எல்லாம் இதன் பொறுப்பு. ரத்தக்குழாய் விஷயத்திலும் பி53-க்குக் கை உண்டு என்று காட்டியது 1994-ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் நோயெல் பூக்கின் குழு செய்த ஆய்வு.

அந்த ஆய்வைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. லி-ஃபிராமெனி என்ற அரிய பரம்பரைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, பி53 மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பிறவியிலேயே பழுதாக இருக்கும். அவர்களுடைய தோலின் இணைப்புத் திசு செல்களை எடுத்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்தார்கள். நல்ல பிரதி ஒன்று இருக்கும்வரை அந்த செல்கள் ரத்தக்குழாய் வளர்ச்சியை அடக்கிக்கொண்டே இருந்தன. நாளடைவில் அந்த ஒன்றும் கழன்றுபோன செல்களில் நிலைமை தலைகீழானது; அவை குழாய்களை அழைக்கத் தொடங்கின. காரணம், திராம்போஸ்பாண்டின் என்ற தடுப்புப் புரதம் வெகுவாகக் குறைந்துபோனதுதான். அந்தப் புரதத்தைச் சுரக்கவைத்துக்கொண்டிருந்தது பி53. பிறகு வந்த ஆய்வுகளில், விஇஜிஎஃப் மரபணுவின் வேகத்தையும் பி53 மட்டுப்படுத்துகிறது என்று தெரிந்தது.

ஆக, பி53 நலமாக இருக்கும் செல்லில் டி.என்.ஏ. உடைந்தால், ரத்தக்குழாய் அழைப்பு அடங்க வேண்டும். நியாயமும் அதுதானே, பழுதுபட்ட செல்லுக்கு எதற்குத் தீனி? சிக்கல் என்னவென்றால், மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் பி53 கெட்டுப்போயிருக்கிறது. தடையில்லாத அந்த செல்களில் அடியின் மற்ற விளைவுகள்தாம் மேலோங்கும். ஏ.டி.எம். கொடுக்கும் அதே எச்சரிக்கை என்எஃப்-கப்பா-பி என்ற அழற்சிப் புரதத்தையும் உசுப்பிவிடுகிறது. அது அணுக்கருவுக்குள் போனதும் செல் தன்னைக் காத்துக்கொள்ளும் பொருள்களையும் குழாய்களை அழைக்கும் பொருள்களையும் சேர்த்தே சுரக்கிறது.

இது கட்டிக்குள் உண்மையில் நடக்கிறதா என்பதை 1999-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் வைக்சல்பாம் குழு சோதித்தது. எலியின் நுரையீரல் புற்றுக்குக் கதிர் கொடுத்ததும் விஇஜிஎஃப் ஏறியது. மனிதப் புற்றுசெல்களைக் கிண்ணத்தில் வளர்த்துக் கதிர் கொடுத்தபோதும் ஏறியது. பிறகு அந்தப் புரதத்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருளைக் கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டின் பலனையும் தனித்தனியே கூட்டினால் வருவதைவிடக் கட்டி அதிகமாகச் சுருங்கியது. அடிபட்ட கட்டி விஇஜிஎஃப்பைச் சுரப்பது தன் குழாய்களைக் காப்பாற்றத்தான் என்று அவர்கள் சொன்னார்கள். விஇஜிஎஃப் புதிய குழாய்களை வளர்ப்பதோடு நிற்பதில்லை; இருக்கும் குழாய்களின் உட்சுவர் செல்கள் கதிரால் சாகாமலும் பார்த்துக்கொள்கிறது.

ஆக்ஸிஜன் இந்தக் கதையில் இன்னொரு பாத்திரம். 1955-ல் லண்டனில் தாம்லின்சனும் கிரேயும் நுரையீரல் கட்டிகளின் மெல்லிய வெட்டுத்துண்டுகளை நுண்ணோக்கியில் அளந்து பார்த்தார்கள். குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத தூரத்துக்கு அப்பால் செல்கள் செத்துக் கிடந்தன. அதற்குச் சற்று இப்பால், சாகவும் இல்லாமல் மூச்சும் முட்டும் நிலையில் ஒரு வரிசை செல்கள். மேட்டூர் திறந்தும் தண்ணீர் வந்து சேராத கடைமடை வயல்களின் நிலைமைதான் அவற்றுக்கு. ஆக்ஸிஜன் இல்லாத செல்லைக் கதிரால் கொல்ல, ஆக்ஸிஜன் உள்ள செல்லுக்குத் தேவைப்படுவதைப்போல மூன்று மடங்கு வரை கூடுதல் அளவு தேவைப்படும். ஆகவே கதிர்வீச்சுக்குத் தப்பிப்பதில் இவைதாம் முன்னிற்கின்றன.

மூச்சு முட்டும் செல்கள் எச்ஐஎஃப்-1 என்ற புரதத்தைச் சேர்த்துவைக்கின்றன. அதைக் கண்டுபிடித்த கிரெக் செமென்சாவுக்கு, வில்லியம் கெய்லின், பீட்டர் ராட்கிளிஃப் ஆகியோரோடு 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. விஇஜிஎஃப் மரபணுவை முடுக்கிவிடும் முக்கியமான கை இதனுடையது. கதிர்வீச்சால் கட்டியில் பல செல்கள் செத்தால் மிஞ்சியவற்றுக்கு ஆக்ஸிஜன் தாராளமாகக் கிடைக்கும், அப்போது எச்ஐஎஃப்-1 குறைய வேண்டும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். 2004-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் மார்க் டியூஹர்ஸ்ட் குழு எலிகளில் கண்டது நேர்மாறானது. கதிர் கொடுத்த ஓரிரு நாள்களில் எச்ஐஎஃப்-1 ஏறியது. திடீரென்று வந்த ஆக்ஸிஜனால் உண்டான வினைத்துகள்கள் அதை நிலைநிறுத்தின. கூடவே இன்னொன்றும் நடந்தது. மூச்சு முட்டிக் கிடந்த காலத்தில் செல்கள் புரதம் செய்வதற்கான சில செய்தி ஆர்.என்.ஏ.க்களைப் பொதி பொதியாகக் கட்டி ஒதுக்கிவைத்திருந்தன. ஆக்ஸிஜன் வந்ததும் பொதி அவிழ்ந்து, விஇஜிஎஃப் உள்ளிட்ட புரதங்களை ஊக்கும் வேலை ஒரே நேரத்தில் தொடங்கியது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். ‘கத்தி பட்டால் புற்று பரவிவிடும்’, ‘கரண்ட் வைத்தால் உள்ளதும் கெட்டுவிடும்’ என்ற பேச்சு நம் ஊர்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை நம்பி சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களும் இருக்கிறார்கள். மேலே சொன்ன ஆய்வுகள் அந்தப் பேச்சுக்குச் சான்று ஆகா. மிஞ்சிய செல்கள் உதவி கேட்பது உண்மை. அதைவிடப் பல மடங்கு செல்களைச் சிகிச்சை கொன்றிருக்கிறது என்பதும் உண்மை. கருப்பை வாய்ப் புற்றை எடுத்துக்கொள்ளுங்கள். டி.என்.ஏ.வை உடைக்கும் கதிர்வீச்சோடு, டி.என்.ஏ.வைப் பிணைக்கும் சிஸ்பிளாட்டினையும் சேர்த்துக் கொடுத்த ஐந்து பெரிய ஆய்வுகளின் முடிவைப் பார்த்துவிட்டு, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1999 பிப்ரவரியில் மருத்துவர்களுக்கு அவசர அறிவிப்பே அனுப்பியது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் சாவின் அபாயம் 30 முதல் 50 சதவீதம் குறைகிறது என்பதுதான் செய்தி. இரண்டு அடியும் சேர்ந்து விழுந்தபோது பிழைத்தவர்கள் கூடினார்கள். ரத்தக்குழாய் ஆய்வாளர்கள் கேட்பது, தப்பிக்கும் அந்தக் கொஞ்சம் செல்களையும் எப்படி மடக்குவது என்று.

வெயிலும் இதே வேலையைத் தோலில் செய்கிறது. புறஊதா பி கதிர் பட்ட தோலில் விஇஜிஎஃப் ஏறுகிறது, திராம்போஸ்பாண்டின் இறங்குகிறது. வெயிலில் கருகி வந்த முகம் சிவந்து தடித்திருப்பதில் புதிதாகக் கசியும் அந்த நுண்குழாய்களுக்கும் பங்கு உண்டு.

முதுமையடைந்த செல்கள் இன்னொரு வகை. டி.என்.ஏ. சேதம் சரியாகாமல் நீடித்தால் சில செல்கள் சாவதுமில்லை, பிளவுபடுவதுமில்லை, அப்படியே தங்கிவிடுகின்றன. ஜூடித் காம்பிசியும் அவருடன் வேலை பார்த்தவர்களும் இப்படித் தங்கிவிட்ட மனித செல்கள் விஇஜிஎஃப்பைத் தொடர்ந்து சுரப்பதை 2006-ல் காட்டினார்கள். கதிரோ கீமோவோ முடிந்து மாதக்கணக்கில் ஆன பின்னும் திசுவுக்குள் ஏதோ நடந்துகொண்டே இருப்பதற்கு இப்படித் தங்கிய செல்களும் ஒரு காரணம்.

எல்லாக் காரணிகளும் விஇஜிஎஃப்பை ஏற்றிவிடுவதில்லை. சில மருந்துகள் நேர் எதிராக இறக்குகின்றன. இந்தப் பகுதியில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும், ஒரு சென்னை வேதியியலாளருக்கும் பங்கு இருக்கிறது.

1966-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் மன்ரோ வால், மன்சுக் வானி இருவரும் ஒரு சீன மரத்திலிருந்து கேம்ப்டோதெசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். கட்டிகளுக்கு எதிராக நன்றாக வேலை செய்தது. ஆனால் அது மரத்தில் இருந்த அளவு சொற்பம். 1972-ல் டி.ஆர். கோவிந்தாச்சாரியும் என். விசுவநாதனும் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மேப்பியா ஃபீடிடா என்ற சிறு மரத்திலும் அதே பொருள் இருப்பதைக் கண்டறிந்து எழுதினார்கள். மரத்தின் லத்தீன் பெயரிலேயே அதன் நாற்றம் குறிக்கப்பட்டிருக்கிறது. கோவிந்தாச்சாரி சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராகவும் முதல்வராகவும் இருந்தவர். அப்போது பம்பாயில் சீபா ஆய்வு மையத்தை நடத்திக்கொண்டிருந்தார். கேம்ப்டோதெசினுக்கு உலகம் முழுதும் கிராக்கி வந்தபின் அந்த மரம் அளவுக்கு மீறி வெட்டப்பட்டு மலைகளில் அருகிப்போனது வருத்தமான பின்கதை.

டி.என்.ஏ.வின் முறுக்கை அவிழ்ப்பதற்காக அதை ஓரிடத்தில் வெட்டி மறுபடி ஒட்டும் நொதி ஒன்று செல்லில் இருக்கிறது. வெட்டியதை ஒட்டவிடாமல் அதைப் பாதியில் பிடித்துவைப்பதுதான் கேம்ப்டோதெசினின் வேலை. அதிலிருந்து உருவான டோபோடிகான், இரினோடிகான் இரண்டும் 1996-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. 2002-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எச்ஐஎஃப்-1 புரதத்தை அடக்கும் பொருளைத் தேடி, சுமார் 2,000 வேதிப்பொருள்களைச் சலித்தார்கள். தேறியவை நான்கே நான்கு. அவற்றில் மூன்று இந்த வகையைச் சேர்ந்தவை! செல்லைக் கொல்லும் அளவுக்கு டி.என்.ஏ. உடையாத குறைந்த அளவிலேயே, எச்ஐஎஃப்-1 உருவாவதை டோபோடிகான் தடுத்துவிடுகிறது என்று தொடர்ந்து வந்த ஆய்வுகள் காட்டின. 2009-ல் செமென்சாவின் குழு டாக்சோரூபிசினைப் பற்றியும் இதேபோல் ஒன்றைக் கண்டது. எச்ஐஎஃப்-1 போய் டி.என்.ஏ.வில் அமர வேண்டிய இடத்தை அந்த மருந்து மறித்துக்கொள்கிறது. எலிகளுக்குத் தினமும் சிறிது சிறிதாகக் கொடுத்தபோது கட்டியில் விஇஜிஎஃப் சரிந்தது, குழாய்களும் குறைந்தன.

ஒரே வகை அடி, ஆனால் ஒரு மருந்து ஏற்றுகிறது, இன்னொன்று இறக்குகிறது. பி53 இருக்கும் செல்லில் ஒரு விதம், இல்லாத செல்லில் வேறு விதம். ஒரேயடியாகக் கொடுத்தால் ஒன்று, துளித் துளியாகக் கொடுத்தால் மற்றொன்று. ‘கீமோ கொடுத்தால் ரத்தக்குழாய் வளருமா, வளராதா’ என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. எந்த மருந்து, எந்தக் கட்டி, எவ்வளவு, எப்போது என்ற நான்கையும் சேர்த்துக் கேட்டாக வேண்டும்.

மருத்துவமனை வரை வந்த முதல் விடை பெவாசிசுமாப். குடலில் தொடங்கி மற்ற உறுப்புகளுக்குப் பரவிவிட்ட புற்று உள்ள 813 பேரிடம் அது சோதிக்கப்பட்டது. அனைவருக்கும் இரினோடிகான் அடங்கிய கீமோ. பாதிப் பேருக்கு அதோடு பெவாசிசுமாப். கீமோ மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 15.6 மாதம், இரண்டும் பெற்றவர்களுக்கு 20.3 மாதம். 2004 பிப்ரவரியில் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. ஃபோக்மன் சொன்னது பலித்தது. ஆனால் அவர் சொன்ன காரணத்தால்தானா?

குழாயை அடைத்துப் பட்டினி போட்டால் கீமோ மருந்து மட்டும் கட்டிக்குள் எப்படிப் போகும் என்ற எளிய கேள்வி எழுந்தது. ஐ.ஐ.டி. கான்பூரில் வேதிப்பொறியியல் படித்து ஹார்வர்டில் பேராசிரியரான ராகேஷ் ஜெயின் இதற்கு வேறு விளக்கம் தந்தார். விஇஜிஎஃப் மிகுந்த கட்டியில் குழாய்கள் கோணல்மாணலாக, ஓட்டையும் கசிவுமாக இருக்கும். கசிந்த நீரால் உள்ளே அழுத்தம் ஏறி, மருந்தும் ஆக்ஸிஜனும் ஆழத்துக்குப் போகாது. அளவாக விஇஜிஎஃப்பைக் குறைத்தால் உதவாத குழாய்கள் உதிர்ந்து மிச்சமுள்ளவை சீராகும்; தூர் வாரிய வாய்க்காலில் கடைமடை வரை தண்ணீர் போவதுபோல மருந்தும் ஆக்ஸிஜனும் போய்ச்சேரும். 2004-ல் மலக்குடல் புற்று உள்ள ஆறு பேருக்கு பெவாசிசுமாப் ஒரேயொரு முறை ஏற்றி 12 நாள் கழித்துப் பார்த்தபோது, கட்டிக்குள் குழாய்கள் குறைந்திருந்தன, அழுத்தமும் தணிந்திருந்தது. இந்தச் சீரான நிலை சில நாள்களே நிற்கும். மருந்தை மேலும் ஏற்றிக்கொண்டே போனால் நல்ல குழாய்களும் போய், ஆக்ஸிஜன் மறுபடி குறையும்.

அந்தச் சில நாள்களைப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு மூளைப் புற்றே சாட்சி. கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்று விஇஜிஎஃப்பை வெகுவாகச் சுரக்கும் கட்டி. கதிர்வீச்சு, டெமோசோலோமைடு என்று டி.என்.ஏ.வைத் தாக்கும் இரண்டோடும் பெவாசிசுமாப் சேர்த்தால் பெரும் பலன் வரும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2014-ல் ஒன்றாக வெளிவந்தன. நோய் முற்றாமல் இருந்த காலம் சில மாதம் கூடியது, ஆயுள் கூடவில்லை. ஆய்வில் சேர்ந்த நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு அது பெரிய ஏமாற்றம். ஆனாலும் அந்த முடிவுகளை மறைக்காமல் வெளியிட்டதால், பயன் தராத ஒரு விலையுயர்ந்த சேர்க்கை எல்லாருக்கும் வழக்கமாகிவிடாமல் தடுக்கப்பட்டது.

பெவாசிசுமாப் ஏறுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சிலவும் உண்டு. ரத்த அழுத்தம் கூடலாம், சிறுநீரில் புரதம் போகலாம். புண் ஆறுவதற்கும் விஇஜிஎஃப் தேவை என்பதால் அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் குறைந்தது 28 நாள் இடைவெளி விடச் சொல்கிறார்கள். பல் பிடுங்குவதாக இருந்தால்கூட முதலில் புற்றுநோய் மருத்துவரைக் கேட்டுவிடுவது நல்லது.

நிறைந்த நம்பிக்கை தருவது இன்னொரு பாதை. அதில் புது மருந்து எதுவும் இல்லை. பழைய மருந்தின் கால அட்டவணையை மாற்றினார்கள், அவ்வளவுதான். கீமோவை வழக்கமாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை உச்ச அளவில் ஏற்றுகிறார்கள். இடையில் எலும்பு மஜ்ஜை தேறிக்கொள்ள ஓய்வு. அந்த ஓய்வில் கட்டியின் குழாய்ச் சுவர் செல்களும் தேறிக்கொள்கின்றன. 2000-ல் ஃபோக்மனின் ஆய்வுக்கூடத்தில் டிமதி பிரௌடர் சைக்ளோபாஸ்பமைடை ஆறு நாளுக்கு ஒருமுறை எலிகளுக்குக் கொடுத்தார். அந்த மருந்துக்கு ஏற்கெனவே மசியாத கட்டிகள்கூடச் சுருங்கின, காரணம் மருந்து இம்முறை குறிவைத்தது குழாய்ச் சுவரை. டொராண்டோவில் ராபர்ட் கெர்பல் குழு 2003-ல் இதன் இயக்கத்தைப் பிடித்தது: இடைவிடாத சிறு அளவு சைக்ளோபாஸ்பமைடு திராம்போஸ்பாண்டினை ஏறவைக்கிறது, அந்தப் புரதமே இல்லாத எலிகளில் பலன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பி53 பழுதானபோது குறைந்துபோன அதே தடுப்புப் புரதம்தான் இது.

இடைவிடாத சிறு அளவு என்ற இந்த யோசனையை மும்பை டாடா நினைவு மருத்துவமனை வாய், தொண்டைப் புற்றில் எடுத்துக்கொண்டது. குணப்படுத்த முடியாத கட்டத்துக்கு வந்துவிட்ட 422 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிஸ்பிளாட்டின், மறு பிரிவுக்கு வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையோடு தினம் இரு வேளை செலிகாக்சிப் என்று கொடுத்தார்கள். இரண்டும் மலிவான பழைய மாத்திரைகள். 2020-ல் வெளியான முடிவில் சிஸ்பிளாட்டின் பிரிவின் இடைநிலை ஆயுள் 6.1 மாதம், மாத்திரைப் பிரிவுக்கு 7.5 மாதம். கடுமையான பக்கவிளைவு சிஸ்பிளாட்டினில் 30 சதவீதம் பேருக்கு, மாத்திரையில் 19 சதவீதம் பேருக்கு. படுக்கை கிடைக்குமா என்று வெளியூரிலிருந்து வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கும் குடும்பங்களுக்கு இந்த எண்களின் பொருள் என்ன என்பது, அந்த வராந்தாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மாத்திரையை வீட்டிலேயே விழுங்குவதில் ஒரு கண்டிப்பும் இருக்கிறது. மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரே நாள்தான். தவறித் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று மருத்துவரிடம் சீட்டிலேயே தமிழில் எழுதி வாங்கி, வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லிவைக்க வேண்டும்.